காரீயம் ஆகும் இடமும் ஆகாத இடமும்

தங்க வேலை செய்யும் பட்டறைக்குள் காரீயத்தைக் கொண்டுபோனால் திட்டு விழும். சிலை வார்க்கும் பட்டறையில் காரீயம் இல்லையென்றால் அன்றைக்கு உலையே மூட்ட மாட்டார்கள். நான் முதலில் கற்றது தருமபுரியில் பெரியப்பாவிடம், தங்க வேலை. அடுத்துக் கற்றது சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில், சிலை வார்ப்பு. இரண்டு இடத்திலும் உலோகத்தை உருக்கும் மூசை உண்டு, வெங்காரம் உண்டு, கரி உண்டு, தீக்காயத்துக்குத் தடவும் எண்ணெய்கூட ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் பாடமாக ஏறியது மற்ற இடத்தில் தப்பாக நின்றது. எந்த வேலைக்கு எந்தக் கலவை என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. மீதிப் பாதியைக் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பெரியப்பாவின் பட்டறையில் முதல் வேலை கூட்டுவது. கூட்டிய குப்பையை வெளியே கொட்டக் கூடாது, டின்னில் சேர்க்க வேண்டும். அதில் பொன் தூசு இருக்கும். அடுத்த வேலை, வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய நகையைப் பிரித்துப் பார்ப்பது. எங்கே பற்றவைக்கும் பொடி வைத்து ஊதியிருக்கிறார்கள், உள்ளே அரக்கு இருக்கிறதா, திருகில் வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்த பிறகுதான் மூசைக்குப் போகும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த காரீயத் துண்டு ஒன்றைத் தூண்டில் குண்டு செய்ய நான் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அதைத் தூக்கித் தெருவுல போட்டுட்டுக் கையைக் கழுவிட்டு வாடா" என்றார் பெரியப்பா. காரணத்தைப் பிறகு சொன்னார். காரீயம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே தங்கம் கெட்டுவிடும். பார்வைக்கு நிறம் மாறாது. உரைகல்லில் உரைத்தாலும் காட்டாது. கம்பி இழுக்கும்போது நடுவில் அறுந்து போகும், தகடாக அடிக்கும்போது ஓரம் வெடிக்கும். தங்கம் உறையும்போது காரீயம் அதோடு சேராமல் அதன் நுண்மணிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சந்து வழியாகவே உடைகிறது.

22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கில்தான் ஆசாரியின் விளையாட்டு எல்லாம். செம்பைக் கூட்டினால் நகை சிவக்கும், கொஞ்சம் கடினமாகவும் ஆகும். வெள்ளியைக் கூட்டினால் வெளிறிப் பச்சை ஓடும், மென்மையாக இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சிவந்த பொன் பிடிக்கும் என்று பெரியப்பா செம்பை ஒரு கை தூக்கலாகவே வைப்பார். கல் பதிக்கும் நகைக்கு 18 காரட் கேட்டு வந்தால் அவருக்குச் சந்தோஷம். கல்லைப் பிடிக்கும் நகம் வளையாமல் நிற்க அந்தக் கடினம் வேண்டும். நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமானது 2021இல். அதற்கு முன்பே, கேட்மியம் கலந்த பொடியை வைத்து ஊதுவதை அவர் விட்டிருந்தார். கேட்மியம் புகை நுரையீரலைத் தின்றுவிடும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஊதியவர்களும் இருந்தார்கள்.

வெள்ளி வேறு மாதிரி. உருகிய வெள்ளி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத் தன் கன அளவைப் போல் இருபது மடங்கு வரை வைத்துக்கொள்ளும். உறையும்போது அத்தனையையும் ஒரே மூச்சில் துப்பும். அப்போது மேற்பரப்பில் கொப்புளம் வெடித்துத் துளி தெறிக்கும். அதனால்தான் மூசையில் கரித்தூள் போட்டு மூடி உருக்குவது. வெள்ளி தனியாக 962 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில் உருகும். நூற்றுக்கு 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்த்தால் 779 டிகிரியிலேயே உருகி ஓடும். இரண்டு பேரும் தனித்தனியே கேட்கும் சூட்டைவிடக் குறைந்த சூட்டில் சேர்ந்து இளகுகிறார்கள் என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. பெரியப்பா வெள்ளிப் பொடி தயாரிக்கும்போது நேரில் பார்த்தேன். கலவை என்பது இரண்டு உலோகத்தின் சராசரி இல்லை, அது மூன்றாவது ஒன்று என்று எனக்குப் புரிந்த இடம் அதுதான்.

கையால் செய்யும் நகைக்கு வேலை குறைந்தது. கோயம்புத்தூரில் மெழுகு மாதிரியை ரப்பர் அச்சில் பிழிந்து, மரம்போல ஒரு தண்டில் வரிசையாக ஒட்டி, ஒரே வார்ப்பில் டஜன் கணக்கில் மோதிரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு அதில் கோபம் இல்லை. "வார்ப்பு கத்துக்கணும்னா சின்னதுல ஆரம்பிக்காத, பெருசுல ஆரம்பி" என்று சொல்லி, தெரிந்தவர் மூலம் சுவாமிமலைக்கு அனுப்பி வைத்தார்.

எங்கள் மாவட்டத்துக்கு உலோகம் புதிதல்ல. மேட்டு நிலங்களில் ஏர் ஓட்டினால் இரும்புச் சிட்டம் கட்டிகட்டியாகக் கிளம்பும். 2004 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கணித்திருக்கிறார்கள். ஆனால் அது உருக்கி ஊற்றிய இரும்பு அல்ல. இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். அந்தக் கால மண் உலையில் கனிமத்திலிருந்து பஞ்சுபோல ஒரு கட்டி கிடைக்கும், அதை அடித்து அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். எங்கள் மண்ணின் கைப்பழக்கம் அடிப்பது. ஊற்றுவதைக் கற்கக் காவிரி போகும் வழியிலேயே கீழே போக வேண்டியிருந்தது. ஒகேனக்கலில் பாறையைக் குடைந்துகொண்டு விழும் அதே ஆறு சுவாமிமலையில் வண்டலாகப் படிந்திருக்கிறது. அந்த வண்டல்தான் அங்கே சிலைத் தொழிலை நிலைநிறுத்தி வைத்திருக்கும் மண். தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகளின் வழியில் வந்தவர்கள் என்று அங்குள்ள குடும்பங்கள் சொல்வார்கள். மண் நன்றாக இருந்ததால் தங்கிவிட்டார்கள் என்று எங்கள் ஸ்தபதி அதோடு சேர்த்துச் சொல்வார்.

பட்டறையில் எனக்கு "தருமபுரி" என்றே பெயர். "டேய் தருமபுரி, மெழுகு பிசை." தேன்மெழுகோடு குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். வெயில் காலத்தில் குங்கிலியம் கூடும், மழைக்காலத்தில் எண்ணெய் கூடும். தென்னை ஓலைத் துண்டை மடித்துத் தாள அளவு எடுத்து அந்த அளவில் மெழுகுச் சிலை பிடிப்பது ஸ்தபதியின் வேலை. அந்தப் பக்கம் எங்களை ஆண்டுக்கணக்கில் விடமாட்டார்கள். பிடித்து முடித்ததும் மெழுகைத் தராசில் வைப்பார்கள். உலோகக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. செம்புக் கலவைக்கு மெழுகைப் போல் ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல், ஊற்றுவாயில் தங்குவதையும் சேர்த்துப் பத்து என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்குப் பதினொன்று. 22 காரட் தங்கத்துக்குப் பதினெட்டு. மெழுகின் எடையிலிருந்து உலோகத்தின் எடையை எடுக்கும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் உள்ள மானசோல்லாசத்திலேயே இருக்கிறது. உலோகம் ஆறும்போது சுருங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை நூல் குறையும். ஒரு முழ உயரச் சிலைக்கு அது பெரிதில்லை. கோயிலில் ஏற்கனவே இருக்கும் பீடத்தின் குழியில் புதுச் சிலையின் முளை உட்கார வேண்டும் என்றால் அதுதான் எல்லாம்.

இனிக் கலவை. சுவாமிமலையில் பழக்கத்தில் உள்ள கணக்கு 29 பங்கு செம்பு, 2 பங்கு பித்தளை, 1 பங்கு காரீயம். அதாவது 32 கிலோ போட்டால் 29 கிலோ செம்பு. பட்டறைக்குப் பட்டறை பித்தளை கூடும், குறையும். பித்தளையை நூற்றுக்குப் பதினைந்து வரை ஏற்றுபவர்களும் உண்டு. கேட்டு வருபவர் விரும்பினால் வெள்ளியும் பொன்னும் அரைகுன்றி, கால்குன்றி சேரும். இதைத்தான் ஊர் ஐம்பொன் என்கிறது.

எதற்குப் பித்தளை? நேராகத் துத்தநாகத்தையே போட்டால் என்ன என்று நான் கேட்டேன். ஸ்தபதி பதில் சொல்லாமல் உருகிய செம்பில் ஒரு விரல் நுனியளவு துத்தநாகத் துண்டைப் போட்டுக் காட்டினார். வெள்ளைப் பச்சையாகச் சுவாலை எழுந்தது. அடுத்த நொடி கூரை வரை பஞ்சுத் துணுக்குகள் பறந்தன, எங்கள் தலையிலும் சட்டையிலும் வந்து உட்கார்ந்தன. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுவதற்கே 1085 வேண்டும். அதனால் நேராகப் போடுவதில் பாதி காற்றில்தான் போகும். அந்தப் புகையை மூச்சில் வாங்கினால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பித்தளையாகப் போட்டால் துத்தநாகம் ஏற்கனவே செம்பில் கரைந்திருக்கிறது, அவ்வளவு எளிதில் ஓடாது. அதையும் பின்னால்தான் போட வேண்டும். வரிசை இதுதான்: முதலில் செம்பு முழுவதும் இளக வேண்டும், பிறகு பித்தளை, ஊற்றுவதற்குச் சற்று முன் காரீயம். பச்சைக் குச்சியை விட்டுக் கலக்கினால் குச்சியின் ஈரமும் புகையும் செம்பு இழுத்து வைத்திருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளும். மேலே வரும் கசடை வழித்து எறிந்துவிட்டு ஊற்ற வேண்டும்.

தனிச் செம்பில் ஏன் வார்க்கக் கூடாது என்பதை ஸ்தபதி வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தார். மூன்று சிறு கட்டிகளை என் முன்னால் வைத்தார். ஒன்று தனிச் செம்பு, ஒன்று பித்தளை, மூன்றாவது பட்டறைக் கலவை. மூன்றிலும் ஒரே உளியால் ஒரே ஆழத்தில் ஒரு கோடு வெட்டச் சொன்னார். செம்பில் உளி இறங்கியது, ஆனால் வெட்டிய சீவல் அறாமல் உளியோடு ஒட்டிச் சுருண்டு வந்தது. கோட்டின் இரு ஓரமும் மேடாக எழுந்து பிசிறியது. அரம் போட்டால் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டது. பித்தளை உளியை எதிர்த்துத் தள்ளியது. சுத்தியல் அடிக்கு அடி உளி துள்ளியது, கோடு நேராக நிற்கவில்லை. மூன்றாவது கட்டியில் சீவல் சின்னச் சின்னத் துகளாக உதிர்ந்து விழுந்தது. வெட்டிய இடம் வெட்டியபடியே கூராக நின்றது. காரீயம் செம்பில் கரைவதில்லை. நுண்ணிய உருண்டைகளாக அங்கங்கே நிற்கிறது. சீவல் அந்த உருண்டைகளில் வந்து முறிந்துகொள்கிறது. சிலையின் விரல் நகம், கழுத்து ஆரத்தின் மணி, கண் எல்லாம் வார்ப்பில் முழுமையாக வருவதில்லை. உளியில்தான் வரும். தங்கத்தைக் கெடுத்த அதே குணம், சேராமல் சந்தில் உட்காரும் குணம், சிலைக்கு உதவி செய்கிறது.

இன்னொரு வேலையும் காரீயம் செய்கிறது. 327 டிகிரியிலேயே உருகும் உலோகம் அது. மற்றவை உறைந்த பிறகும் கடைசிவரை நீராக நின்று, சுருங்கும்போது விழும் சின்ன இடைவெளிகளை நிரப்புகிறது. கலவை மெல்லிய இடத்துக்குள்ளும் ஓடும். ஆனால் அளவு கூடினால் கனத்தால் கீழே இறங்கி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். பெரிய சிலையில், அதுவும் மெல்ல ஆறும் சிலையில், இது நடக்கும். சிலையின் தலை ஒரு நிறமும் பீடம் ஒரு நிறமுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சோழர் காலத்துச் சிலைகள் இந்தக் கலவையில் இல்லை. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் நூற்றுக்கு மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்திருக்கிறார். பெரும்பாலானவை வெள்ளீயமும் காரீயமும் கலந்த செம்பு. வெள்ளீயம் சராசரியாக நூற்றுக்கு ஏழு பங்கை ஒட்டி. அது நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. வெள்ளீயம் அந்த எல்லையைத் தாண்டினால் கலவை கடினமாகி முறியத் தொடங்கும். உளி வைத்தால் சிதறும். வெள்ளீயம் வெளியூர்ச் சரக்கு. அப்படியிருந்தும் அதைப் போட்டார்கள், எவ்வளவு போட வேண்டும் என்றும் தெரிந்து போட்டார்கள். இன்று அதன் இடத்தில் பித்தளை வந்ததற்குச் சாஸ்திரம் காரணமில்லை, விலைதான். வெள்ளீயம் செம்பைவிட வெகு கூடுதல் விலைக்கு விற்கிறது. பித்தளை கூடிய சிலை முதல் நாளில் மஞ்சளாக மின்னும், வாங்குபவருக்கும் பிடிக்கும். வெள்ளீயம் சேர்ந்த சிலைக்கு ஆண்டுகள் ஆக ஆக ஏறும் அந்த ஆழ்ந்த பழுப்பு அதில் வராது. என்னைக் கேட்டால், செலவு செய்ய மனமுள்ளவர் பொன்னுக்குக் கொடுக்கும் காசை வெள்ளீயத்துக்குக் கொடுக்கலாம்.

வெள்ளீயத்தின் எல்லையைத் தாண்டி வேலை செய்பவர்களும் உண்டு. கோயில் மணிக்கு நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு வெள்ளீயம். முறியும் குணம் உள்ள அந்தக் கலவைதான் நின்று ஒலிக்கும். தனிச் செம்பில் மணி வார்த்தால் 'தட்' என்று சத்தம் செத்துவிடும். கேரளத்தில் ஆறன்முளைக் கண்ணாடிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். தேய்த்தால் முகம் தெரியும், கைதவறிப் போட்டால் நொறுங்கும். மணிக்கு ஏற்றது சிலைக்கு ஏற்காது, கண்ணாடிக்கு ஏற்றது மணிக்கு ஏற்காது.

ஊற்றும் நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெழுகின் மேல் முதல் பூச்சு, உமிக்கரி கலந்து அரைத்த நைஸான வண்டல். ரேகை வரை பதிவது இந்தப் பூச்சில்தான். அடுத்தது வயல் களிமண், அதற்கு மேல் மணல் கலந்த மண், பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில் உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்து, கரு என்று நாங்கள் சொல்லும் அந்த மண் அச்சைக் குழியில் வாய் மேலாக நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஊற்றுவது. கருவில் ஈரம் இருந்தால் உள்ளே ஊற்றும் உலோகம் அதே வேகத்தில் முகத்துக்குத் திரும்பி வரும். அதனால் அன்று பட்டறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தள்ளி நிறுத்திவிடுவார்கள். சிறு சிலைகளை உள்ளே கூடு விடாமல் கனமாகவே வார்க்கிறார்கள். உற்சவர் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் இரண்டடிச் சிலையைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஒவ்வொரு கிலோவின் விலையும் கணக்கில் வருகிறது.

ஐம்பொன் விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் இப்போது எனக்கென்று ஒரு சிறு கொட்டகை இருக்கிறது. குலதெய்வத்துக்கு முகம், சூலம், மணி, விளக்கு, சிறு அம்மன் என்று வேலை வருகிறது. வருபவர் எல்லோரும் முதலில் கேட்பது, "ஐம்பொன்னுங்களா?" ஆமாம் என்று சொல்வது எளிது. ஒரு கிராம் தங்கத்தையும் கொஞ்சம் வெள்ளியையும் இருபது கிலோ உலோகத்தில் போட்டாலும் ஐந்து உலோகம் ஆகிவிட்டதே. இருபதாயிரத்தில் ஒரு பங்கு! அந்தத் தங்கம் கலவையின் நிறத்தையும் மாற்றாது, ஓட்டத்தையும் மாற்றாது. பழைய சிலைகளைச் சோதித்தபோதும் பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் சுவடாகவே இருந்தன. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரையும் சுவாமிமலை ஸ்தபதிகள்தான் செய்தார்கள். அதை எட்டு உலோகம் என்று சொன்னார்கள், அதில் பாதரசமும் ஒன்று. பாதரசம் 357 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் மூசையில் அது எவ்வளவு நேரம் தங்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அந்த எட்டு உலோகம் நம்பிக்கைக்கான பட்டியல். சிலையைத் தாங்குவது செம்பு. இரண்டும் ஒரே சிலையில் இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நம்பிக்கையின் பெயரில் செம்பைக் குறைத்து விலையைக் கூட்டும்போதுதான் சண்டை வருகிறது.

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அம்மன் சிலைக்காக வந்தவர்கள் ஊரெல்லாம் வாங்கிச் சேர்த்த உலோகத்தை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். பித்தளைக் குடம், செம்புத் தவலை, உடைந்த மணி, குழாய்த் தலைகள், மோட்டார் வயர்க் கட்டு, அலுமினியத் தூக்கு, எவர்சில்வர் டம்ளர் இரண்டு, ஒரு பாட்டியின் மூக்குத்தி. கூட வந்த பெரியவர், "சாமிக்குன்னு குடுத்தது தம்பி, எதையும் தள்ளிடாதீங்க" என்றார்.

நான் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். மோட்டார் வயர் முதல் தரச் செம்பு, ஆனால் மேலே பூசிய வார்னிஷை எரித்துத் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும். தவலையும் நல்ல செம்பு, உள்ளே ஈயம் பூசியது தெரிந்தது. கொஞ்சம் வெள்ளீயம் சேர்ந்தால் லாபம்தான். குடம் தகட்டுப் பித்தளை, மூன்றில் ஒரு பங்குக்குமேல் துத்தநாகம் இருக்கும், கணக்கில் எழுதிக்கொண்டேன். குழாய்த் தலையில் காரீயம் ஏற்கனவே கலந்திருக்கும், ஆகவே தனியாகப் போடும் காரீயத்தைக் குறைக்க வேண்டும். மணியை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். வெளுத்த சாம்பல் தூள் உதிர்ந்தது, வெள்ளீயம் அதிகம். சிலையில் கொஞ்சம் போடலாம், முழுவதும் போட்டால் முறியும். மீதியைப் புது மணிக்கு எடுத்து வைத்தேன். அலுமினியத்தையும் எவர்சில்வரையும் தனியே வைத்தேன். காரீயம் கலந்த செம்பில் அலுமினியம் கொஞ்சம் விழுந்தாலும் மேலே தோல்போல ஒரு படலம் கட்டும், அது உள்ளே மடிந்து சிலையில் ஓட்டை போடும். எவர்சில்வர் என் உலையில் உருகவே உருகாது. பெரியவரிடம் விளக்கிச் சொன்னேன். தூக்கையும் டம்ளரையும் எடைக்குப் போட்டு அந்தக் காசுக்குச் செம்பு வாங்கினோம். மூக்குத்தியை அந்தப் பாட்டியே மூசையில் போட்டார். அது உலோகத்தை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அவர் கை வைத்த இடத்தில் அந்தக் கணக்கைச் சொல்ல வாய் வரவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அலங்காரப் பொருள்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. ஆனால் அங்கும் ஆள் ஏமாறும் இடம் உண்டு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பித்தளையில் மண் அச்சில் வார்த்துக் கடைசல் பிடிப்பது. தண்டு, தட்டு, அகல் எல்லாம் மரை போட்டு ஒன்றோடொன்று சேர்வதால் கடைசலுக்கு நன்றாக வெட்டும் பித்தளை வேண்டும், எண்ணெய் கசியாத வார்ப்பும் வேண்டும். கன்மெட்டல் என்று பம்பு உதிரிப் பாகம் வார்ப்பவர்கள் விற்கும் கலவை, 85 பங்கு செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 பங்கு. சிறு சிலைக்கும் கைப்பிடிக்கும் அது நன்றாக ஓடும், எனக்குப் பிடித்த சரக்கு. வெளிநாட்டுச் சிலைப் பட்டறைகளில் காரீயமே இல்லாமல் நூற்றுக்கு 4 பங்கு சிலிக்கான் கலந்த செம்பில் வார்க்கிறார்கள்; வெல்டிங் பிடிக்கும், புகையும் குறைவு. பரிசுக் கடையில் கிடைக்கும் 'ஆன்டிக்' விநாயகரும் சாவிக் கொத்தும் பெரும்பாலும் துத்தநாகத்தோடு 4 பங்கு அலுமினியம் சேர்ந்த கலவை. 400 டிகிரிக்குள் உருகும், அச்சில் நொடியில் எடுக்கலாம், மேலே முலாம். அதை அப்படியே சொல்லி விற்றால் குறையில்லை. வெள்ளிக் கவசம் கேட்டு வருபவர்களை நான் தகடு தட்டும் ஆசாரியிடம் அனுப்பிவிடுவேன். அது வார்ப்பு வேலையே இல்லை.

காரீயத்துக்கு உடம்பில் இடமில்லை. என் பட்டறையில் அது சிலைக்கும் கைப்பிடிக்கும் மட்டும். சாப்பாட்டுப் பாத்திரம், குழந்தை வாயில் வைக்கும் காப்பு, கொலுசு எதிலும் கலக்க மாட்டேன். கும்பகோணத்தில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு தனி வெள்ளீயம். அதில் காரீயம் கலந்து மலிவாக விற்பவர்கள் உண்டு, ரசத்தின் புளிப்பு அதை இறக்கும். கோயில் வாசலில் விற்கும் ஐம்பொன் மோதிரத்தையும் காப்பையும் போட்டால் நோய் தீரும் என்கிறார்கள். விரல் பச்சையாகும், அது செம்பு வியர்வையோடு சேர்ந்து ஏறும் கறை. அதைத் தவிர வேறெதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. உள்ளே காரீயம் எவ்வளவு என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. உருக்கும் நாங்களும் ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டு வேலை செய்ய வேண்டும், முடிந்ததும் கை கழுவாமல் டீ குடிக்கக் கூடாது. சுவாமிமலையிலும் சரி, கோயம்புத்தூரிலும் சரி, இந்தக் கடைசி விஷயத்தில் நாங்கள் எல்லோரும் இன்னும் சோம்பேறிகள்தான்.

சிலையோ விளக்கோ நகையோ, ஆர்டர் கொடுக்கும்போது பெயரைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள். செம்பு எத்தனை கிலோ, பித்தளை எத்தனை, வெள்ளீயம் எத்தனை, காரீயம் எத்தனை, பொன்னும் வெள்ளியும் எத்தனை கிராம் என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உலையில் போடும் நாளில் ஊரிலிருந்து ஒருவரை அனுப்பித் தராசுப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நகை சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் காட்டிப் பார்க்கலாம், ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசிய பொருளில் அந்த எண்ணை நம்ப வேண்டாம், அடியில் அரம் போட்ட இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாது என்று சொல்லும் பட்டறையில், அது என் பட்டறையாகவே இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.